முன் பிரேக் இல்லாத பத்தொன்பது வாரங்கள்

ஸ்கூட்டரை எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். முதலில் இடது, பிறகு வலது, பிறகு இரண்டும் சேர்த்து. வண்டி வாசலில் ஸ்டாண்டில்தான் நிற்கும். என் மகன் அதைப் பார்த்துச் சிரிப்பான். "நிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா பிரேக்கு?" என்பான். நான் இன்னொரு முறை அழுத்திப் பார்ப்பேன். நம் வயதுப் பெண்களில் பலர், சொந்தமாகச் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அல்ல. அக்காவின் சைக்கிளில், பின் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவளின் கையில் பிரேக் கிடையாது. அந்த நிலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பதினொரு வயது. அக்கா பிளஸ் ஒன் சேர்ந்த வருடம். திண்டுக்கல் சாலையில், பரவையைத் தாண்டி, பெரிய வாய்க்காலின் கரைமேல் எங்கள் வீடு இருந்தது. கரையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரே ஒரு செம்மண் பாதை செங்குத்தாக இறங்கும். இறக்கத்தின் பாதியில், மழைநீர் போகும் சிறு குழாய்ப் பாலத்துக்குச் சுண்ணாம்பு அடித்த ஒரு வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். பாதை போய் முட்டும் இடம் நேராக மெயின் ரோடு. காய்கறி லாரிகள் தார்ப்பாய் படபடக்கப் போகும் ரோடு. காலை எட்டரை மணிக்குமேல் கொத்தமல்லியும் டீசலும் கலந்த ஒரு வாடை அங்கே நின்றுகொண்டே இருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் நகரத்துக்குள் இருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்க்கும் பஸ் கிடையாது. அதனால் ஜூன் மாதம் அப்பா ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி வந்தார். பச்சை நிறம். கம்பி பிரேக். இப்போதுள்ள ஒயர் பிரேக் அல்ல. கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் இழுக்கப்பட்டு, லாடம் மாதிரி வளைந்த இரும்பின் இரண்டு நுனியிலும் உள்ள ரப்பர் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் போய் அழுந்தும். வலது கைக்கு முன் சக்கரம். இடது கைக்குப் பின் சக்கரம்.

அந்தச் சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே அப்பா முன் பிரேக்கைச் செயலிழக்கச் செய்தார். இறக்கத்தின் அடியில் சைக்கிள் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோய், முன் கம்பியின் நட்டைத் தளர்த்தி, ரப்பர் கட்டை ரிம்மைத் தொடாதபடி கீழே இறக்கிவிடச் சொன்னார். கைப்பிடி அழுந்தும், ஒன்றும் நடக்காது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அப்பாமார் செய்கிற வழக்கமான காரியம் அது. பாயும் மறுபேச்சில்லாமல் செய்தார்.

"முன் பிரேக்கப் பிடிச்சா குப்புறத் தூக்கி அடிச்சிரும், ஆத்தா," என்று அப்பா அக்காவிடம் சொன்னார். சொல்லிவிட்டு மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். அவருடைய முன்பற்கள் இரண்டும் பொய்ப்பல். பதினெட்டு வயதில் ஒரு வாய்க்கால் பாலத்தில், குறுக்கே வந்த ஆட்டுக்காக முன் பிரேக்கைப் பிடித்துக் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து விழுந்தவர். "பின் பிரேக்கு ஒண்ணு கரெக்டா இருந்தாப் போதும். அதுக்கு நான் ஜவாப்தாரி."

அதற்கு அவர் உண்மையிலேயே ஜவாப்தாரியாக இருந்தார். கப்பலூரில் ஒரு சிறிய கம்பெனியில் அவர் செக்கர் வேலை பார்த்தார். கடைந்து வரும் இரும்புச் சாமான்களைக் கேஜ் என்னும் அளவுக் கருவி வைத்துப் பார்த்து, சரி, தள்ளுபடி என்று பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்துவார். சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை எடுப்பார். பின் ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் அதைச் செருகுவார். லேசாக உரசிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தாராளமாகப் போனால் நட்டைத் திருகுவார், போகாவிட்டால் தளர்த்துவார். ரிம்மைத் துணியால் துடைப்பார். பிறகு சைக்கிளை நிமிர்த்தி, இடது கைப்பிடியை அழுத்தி முன்னால் தள்ளுவார். பின் சக்கரம் சுற்றாமல் மண்ணில் இழுபட்டால், என்னைப் பார்ப்பார்.

"எழுது."

நாற்பது பக்க நோட்டு. தேதி, முன், பின் என்று மூன்று கட்டம் அவரே ஸ்கேல் வைத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். முன் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு. பின் என்ற கட்டத்தில் 'சரி'. என் கையெழுத்துத்தான். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

எழுதி முடித்ததும் கம்பெனிக் கதை ஏதாவது சொல்வார். ஒருமுறை ஒரு கேஜ் தேய்ந்துபோனது தெரியாமல் மூன்று வாரம் சரக்குப் பார்த்துவிட்டார்களாம். "கேஜ் தப்புன்னு தெரிஞ்சிட்டா, அதால பாத்துச் சரின்னு போட்டது அம்புட்டையும் திரும்ப எடுத்துக் கோடு போட்டு அடிச்சிரணும். சரக்கு நல்லாருக்கா இல்லையாங்கிற பேச்சே கெடையாது," என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "இட்லி வெந்திருச்சான்னு பாக்கவும் ஒரு கேஜ் கொண்டாங்க," என்றாள்.

ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். "ஒரு தடவ விழுந்தீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாலும் சைக்கிள் பரண்ல ஏறிரும். பெரியவ அலங்காநல்லூர் அத்தை வீட்டுல தங்கிப் படிக்கட்டும்." அத்தை வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் குரூப் இல்லை. அத்தைக்கு ஒரு மகன் இருந்தான். அங்கே போனால் மருமகளாகத்தான் மாற வேண்டியிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நர்சிங் படிக்க வேண்டும் என்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை, என்னைத் தவிர.

செப்டம்பர் முடியும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மழை பிடித்தபின் மாறியது.

முதல் மழைநாளில், வெள்ளைக் கல் அருகே அக்கா வழக்கம்போல இடது கைப்பிடியை அழுத்தினாள். சைக்கிள் கேட்கவில்லை. ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே தண்ணீர் வழுக்கும் ஒரு சத்தம் மட்டும் வந்தது. வாய்க்குள் நாக்கை இழுப்பது மாதிரி. செருப்புக் காலை இரண்டு பக்கமும் ஊன்றி இழுத்துக்கொண்டே போய், முன் சக்கரம் தார்ச்சாலையில் ஏறியபிறகு நின்றோம். ஒரு லாரியின் பின் தட்டு எங்களைக் கடந்து போனது. அதில் தொங்கிய சங்கிலியின் வளையங்களை என்னால் எண்ண முடிந்திருக்கும். அவ்வளவு பக்கம்.

அக்கா சைக்கிளைத் தார்ச்சாலையிலிருந்து பின்னால் இழுத்தாள்.

"வீட்டுல மூச்சு விட்ட, கொன்னுபுடுவேன்," என்றாள்.

"இறக்கத்துல தள்ளிக்கிட்டே எறங்கலாம்ல?"

"அப்பா கரை மேல நின்னு பாக்குறாருல்ல. என்னன்னு கேப்பாரு. பிரேக்கு புடிக்கலன்னு சொல்லணும். பரண்ல ஏத்தச் சொல்றியா?"

உண்மைதான். காலை ஷிப்ட் இல்லாத வாரங்களில் அப்பா கரைமேல் நின்று நாங்கள் இறங்குவதைப் பார்ப்பார். கூடவே, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் 'சரி' என்று சொன்ன பிரேக் அது. பிடிக்கவில்லை என்றால் அக்காவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுதான் ஆகும்.

மறுநாளிலிருந்து நான் அளக்கத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை. வெள்ளைக் கல்லில் அக்கா "பிடிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சைக்கிள் நின்ற இடத்திலிருந்து கல்வரை நான் குதிகாலையும் கால் நுனியையும் ஒட்டி ஒட்டி வைத்து, பாதம் பாதமாக எண்ணிக்கொண்டு போவேன். "ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு, மணி ஆகுதுடி," என்று அக்கா கத்துவாள், ஆனால் நிற்பாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதினேன். காய்ந்த நாளில் இருபத்து நாலு பாதம். ஈரத்தில் காலையும் ஊன்றித்தான் நிற்போம்: தூறலில் நாற்பத்தேழு. மழையில் அறுபத்தொன்று. கல்லிலிருந்து ரோட்டின் விளிம்புவரை அறுபத்தாறு. இந்தக் கடைசி எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் பாய் கடைக்குத் தனியாகப் போனேன். அவர் பஞ்சர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், முன் பிரேக்க மாட்டி விடுறீங்களா?"

"ஒங்கப்பா சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப எப்படிம்மா? அவரு சொல்லித்தான நான் எறக்கினேன். நாளைக்கு நீங்க குப்புற விழுந்தீங்கன்னா, எந்தப் படுபாவி மாட்டுனான்னு எங்கிட்டல்ல வருவாரு." தொட்டியில் குமிழி வந்த இடத்தை விரலால் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் இருக்கறதுதான் நல்லது. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிராத."

அந்த ஞாயிற்றுக்கிழமை தகடு லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனது. சக்கரம் இழுபட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் கடைசிப் பக்கத்தை நினைத்துக்கொண்டே, பின் என்ற கட்டத்தில் 'சரி' என்று எழுதினேன். அது பத்தொன்பதாவது வாரம். இன்றுவரை நான் எழுதியவற்றில் எனக்குக் கூசுகிற சொல் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. விடிந்ததிலிருந்து மழை. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தாலும், நேரமாகிவிட்டதால் நாங்கள் தள்ளிக்கொண்டு இறங்கவில்லை. வெள்ளைக் கல்லில் அக்கா "பிடிக்கிறேன்" என்றாள். நான் எண்ணத் தயாரானேன். சைக்கிள் நிற்கவே இல்லை, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. கீழே ஒரு பஸ் ஆளை இறக்கிக்கொண்டு வழியை அடைத்து நின்றது. அக்கா இரண்டு கைப்பிடியையும் சேர்த்து அழுத்தினாள். வலது கைப்பிடி சும்மா போய்வந்தது. "குதிடி" என்றாள். நான் குதிக்கவில்லை, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் ஹாண்டில் பாரைத் திருப்பி, பாய் கடை வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களின்மேல் சைக்கிளை விட்டாள்.

எனக்கு மோவாயில் சிராய்ப்பு. அக்காவுக்கு முழங்கையில் தோல் உரிந்து, தாவணி கிழிந்து, இடது கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாய்தான் எங்களை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அப்பா வந்துவிட்டார். அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. கொல்லைக்குப் போய்த் தேங்காய்நார்க் கயிறு ஒன்றை எடுத்துவந்து முற்றத்தில் போட்டார். சைக்கிளைப் பரணில் தூக்கிக் கட்டுவதற்கு.

"நாளைக்கு அத்தை வீட்டுக்குப் போறோம். துணிய எடுத்து வையி," என்று அம்மாவிடம் சொன்னார்.

"கால் பரீட்சைல முதல் மார்க்கு வாங்கியிருக்கா," என்றாள் அம்மா.

"கையி ஒடஞ்சிருந்தா மார்க்க வச்சுக் கட்டுப் போடுவியா?"

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அதன் மூடி எப்போதும் ஒரு கீச்சுச் சத்தம் போடும். அக்கா அழாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் நோட்டைக் கொண்டுபோய், கடைசிப் பக்கத்தைத் திறந்து, அப்பாவின் கையில் கொடுத்தேன்.

அவர் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் படித்தார். பத்து வரிகள்தான். படித்து முடிக்க நெடுநேரம் ஆனது.

"யாரு அளந்தது?"

"நாந்தான்."

"எதால?"

"பாதத்தால."

"செருப்புப் போட்டா, போடாமலா?"

"போடாம. கையில எடுத்துக்கிருவேன்."

"வா இங்கிட்டு."

என்னைச் சுவரோரம் குதிகால் ஒட்ட நிற்கவைத்து, ஸ்கேலை வைத்து என் பாதத்தை அளந்தார். இருபத்திரண்டு சென்டிமீட்டர். நோட்டின் ஓரத்தில் பெருக்கினார். அறுபத்தொன்றுக்கு, பதிமூன்று மீட்டர் நாற்பத்திரண்டு. அறுபத்தாறுக்கு, பதினான்கு மீட்டர் ஐம்பத்திரண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். ஒரு மீட்டர் பத்து. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கயிற்றை எடுத்துச் சுருட்டிக் கேரியரில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். டிரங்குப் பெட்டி திறந்தபடியே கிடந்தது.

ஞாயிறு காலையும் தூறல் இருந்தது. அப்பா எட்டு மணிக்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தவில்லை. "ஒன் எடை எம்புட்டு?" என்று என்னிடம் கேட்டார். "இருபத்தெட்டு. பள்ளிக்கூடத்துல பாத்தாங்க," என்றேன். சாக்கில் ஆற்றுமணலைப் போட்டுத் தராசில் நிறுத்து, இருபத்தெட்டு கிலோ வந்ததும் கட்டினார். கேரியரில் வைத்து, அந்தக் கயிற்றால் இறுக்கினார். அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். வெள்ளைக் கல் அருகே என்னை நிற்கவைத்தார். பாய் மெயின் ரோட்டில் போய் நின்றுகொண்டார்.

"அண்ணே, வேணாம். தெரிஞ்ச விசயந்தான," என்று பாய் கீழிருந்து சொன்னார்.

"தெரிஞ்சா போதாது, பாய். பாக்கணும்."

அப்பா மேலிருந்து இறங்கினார். என்னைத் தாண்டும்போது "பிடிச்சிட்டேன்" என்றார், கம்பெனியில் சொல்வதுபோலச் சாதாரணக் குரலில். அந்த வழுக்கும் சத்தம் கேட்டது. அவர் காலை ஊன்றவில்லை. ஊன்றக்கூடாது என்று அவரே முடிவுசெய்திருக்க வேண்டும். ஊன்றினால் சோதனை கெட்டுவிடும். சைக்கிள் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. திண்டுக்கல் பக்கமிருந்து முட்டைக்கோஸ் லாரி ஒன்று வந்தது. பாய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் ஓடினார். அப்பா ரோட்டின் விளிம்பைத் தாண்டி, ரோட்டின் நடுவையும் தாண்டி, எதிர்ப்பக்கச் சகதியில் போய்ச் சாய்ந்தார். லாரி பாயின் வேட்டியைத் தொடுகிற தூரத்தில் நின்றது.

"ரெண்டு பேரும் சேந்து சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?" என்று டிரைவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாப்ள, போ போ. பிரேக்கு பாக்குறோம்," என்றார் பாய்.

அப்பா எழுந்தார். ஒரு செருப்பு சகதியில் போய்விட்டது, அதைத் தேடவில்லை. சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "முன் நட்ட ஏத்துங்க," என்றார். பாய் கம்பியைத் தூக்கி நட்டை முறுக்கினார். அப்பா பையிலிருந்து தகட்டை எடுத்து முன் ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகிப் பார்த்தார். லேசாக உரசியது.

இரண்டாவது தடவை மேலிருந்து இறங்கும்போது, பெடலில் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. என்னைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். உதடுகளை உள்ளுக்கு மடித்து இறுக மூடிக்கொண்டிருந்தார். தூறல் முகத்தில் அடிப்பதால் என்று நினைத்தேன். அந்தப் பொய்ப்பற்களைக் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இப்போது, அவருடைய அந்த வயதைத் தாண்டியபிறகுதான் தெரிகிறது. இந்தத் தடவை அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கையும் சேர்ந்து மெதுவாக மூடுவதை மட்டும் பார்த்தேன். சைக்கிள் தலை குனிந்த மாடு மாதிரி ஒரு கணம் முன்னால் அழுந்தி, நின்றது. தூக்கி அடிக்கவில்லை.

"அள," என்றார்.

நான் செருப்பைக் கழற்றினேன். முப்பத்தெட்டு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கொடுத்த துண்டைக்கூட வாங்காமல், நோட்டைக் கேட்டார். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்து, ஜூன் மாதத்து முதல் 'சரி'யின்மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தை இட்டார். அடுத்த வாரம். அதற்கடுத்தது. ஸ்கேல் வைத்து, நிதானமாக. என் எழுத்தை அடிக்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது.

"நான் சரியாத்தானப்பா எழுதினேன்?"

அவர் நிமிரவில்லை. "கேஜ் தப்பு," என்றார்.

பத்தொன்பது கோடுகள். தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் விழுந்து சில இடங்களில் சிவப்பு கரைந்தது. அவ்வளவையும் முடித்தபின் நோட்டை என்னிடம் தள்ளி, "எழுது," என்றார். முன், சரி. பின், சரி. பிறகு சற்று யோசித்து, "இன்னொரு கட்டம் போடு. ஈரத்துல எம்புட்டுன்னு," என்றார். உள்ளே டிரங்குப் பெட்டியின் மூடி கீச்சிட்டு மூடும் சத்தம் கேட்டது. அன்று அத்தை வீட்டுக்கு யாரும் போகவில்லை.

அந்த நோட்டு இப்போது இல்லை. வாய்க்கால் கரை வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு போய்விட்டது. தகடு என் தையல் பெட்டியில் இருக்கிறது. அக்கா இப்போது தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெறப் போகிறாள். ஊசி போடுமுன் சீசாவை இரண்டு தடவை படிப்பாள் என்று அவளோடு வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்களாம். அப்பாவுக்கு எதைக் கண்டும் பயமில்லை என்று நாங்கள் இருவரும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை காலையிலும் மழை. அக்கா மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். அப்பாவுக்குக் காலை ஷிப்ட். ஐந்தரைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் எட்டு மணிக்கு, குடையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நின்றார். வெள்ளைக் கல்லில் அக்கா "பிடிக்கிறேன்" என்றாள். நான் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, செம்மண் தண்ணீருக்குள் பாதம் பாதமாக வைத்துக் கல்வரை வந்தேன்.

"எம்புட்டு?" என்று மேலிருந்து கேட்டார்.

"முப்பத்தாறு," என்றேன்.

அவர் குடையைச் சற்று உயர்த்தினார். பிறகு பஸ்ஸுக்காக, எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்தார்.